கால் முளைத்த எழுத்து

போன வாரம் இந்தப் பத்தியில் என்னைக் குவைத் ஆஸ்பத்திரி வராந்தாவில் துடைப்பமும் கையுமாக நிறுத்திவிட்டுப் போனேன். அந்தத் துடைப்பம் அங்கேயே சாய்ந்திருக்கட்டும். இந்த வாரம் சொல்லப்போவது கொஞ்ச நாளைக்கு முன்னால் நடந்தது. சூடு ஆறின பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறுகிற மாதிரித் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம். ஷார்ஜாவில் ரோல்லா பக்கம் நான் சமைக்கிற மெஸ்ஸில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் காய்ந்து கடுகைப் போட்ட நேரம், அரிசி மூட்டை மேல் வைத்திருந்த போன் உறுமியது. கரண்டியை இடது கைக்கு மாற்றி, வலது கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

வந்தது ஒரு காகிதத்தின் படம். கூடைப்பந்து ஆட்டம் முடிந்ததும் யார் எத்தனை போட்டார்கள் என்று கட்டம் கட்டி எழுதுவார்களே, அந்தத் தாள். பதினாலாம் நம்பரைத் தேடினேன். இருந்தது. அதன் பக்கத்தில் பெயரும் இருந்தது. பெயருக்கு எதிரே வரிசையாக எண்கள் இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. மூன்று எழுத்து மட்டும் நின்றது.

இங்கிலீஷில் எனக்குத் தெரிந்த சொல் பத்துக்குள்தான் இருக்கும். அந்த மூன்று எழுத்து அதில் ஒன்று.

கடுகு கருகி, புகை கண்ணில் ஏறிய பிறகுதான் அடுப்பை அணைத்தேன்.

சீப்பு எழுத்து

பதினாலாம் நம்பர் என் தம்பி மகன் இசக்கிராஜன். வயது இருபது. வாசல் நிலையில் குனிந்துதான் உள்ளே வருவான். துபாயில் ஒரு சின்னக் கல்லூரியில் படிக்கிறான். கீழே சூப்பர் மார்க்கெட், மேலே இரண்டு மாடி கல்லூரி, அவ்வளவுதான். இந்த மாதிரி எட்டுக் கல்லூரிகள் சேர்ந்து ஆண் பிள்ளைகளுக்கு ஒரு கூடைப்பந்து லீக் நடத்துகிறார்கள். பெரிய பல்கலைக்கழகங்களுக்கு வேறு போட்டி இருக்கிறது. இதைப் பற்றிப் பேப்பரில் ஒரு வரி வராது. வெயில் தணிந்து, ஏசியை ராத்திரியில் அணைத்து வைக்கலாம் என்கிற நாட்களில் சீசன் தொடங்கும். சனிக்கிழமைதோறும் எட்டு அணியும் ஒரே அரங்குக்கு வந்து ஒன்றன்பின் ஒன்றாக ஆடும்.

அந்த அரங்குக்கு நான் போனதில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். பிள்ளைகளின் வீட்டுக்காரர்களுக்கு என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் என்னையும் சேர்த்துவிட்டான். ஆட்டம் முடிந்ததும் அணியின் மேனேஜர் பையன் அந்தத் தாளைப் படம் பிடித்துப் போடுவான். நான் அடுப்படியில் இருந்தே சீசனைப் பார்ப்பேன்.

எண்கள் எனக்கு அத்துப்படி. எழுத்துதான் தகராறு. மூன்றாம் வகுப்போடு தமிழும் நின்றது; பிறகு கடைப் பலகையும் பஸ் போர்டும் பார்த்து நானே தேற்றிக்கொண்டது. இங்கிலீஷை உருவம் வைத்துப் பிடிப்பேன். இசக்கி பெயரை இங்கே 'ஈ' போட்டுத்தான் எழுதுவார்கள்; சீப்பு மாதிரி மூன்று பல் உள்ள எழுத்து. அந்தச் சீப்பைக் கண்டுபிடித்து அப்படியே விரலை வலது பக்கம் ஓட்டினால் கடைசிக் கட்டம் பாயிண்ட். அதற்கு முந்தினது ஃபவுல். அதில் ஐந்து வந்தால் பிள்ளையை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

முதல் சனிக்கிழமை பதினாறு பாயிண்ட், ஆனால் தோற்றார்கள். இரண்டாவது சனிக்கிழமை ஒன்பது, ஃபவுல் நான்கு, ஜெயித்தார்கள். அஜ்மான் கல்லூரியில் ஏழு, எட்டு நம்பரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். அண்ணன் தம்பியாம், சூடான்காரப் பிள்ளைகள். அந்த இரண்டு வரியும் எப்போதும் கனமாக இருக்கும். அவர்களோடு ஆட்டம் என்றால் அன்றைக்கு எனக்கு உப்பு கூடும்.

மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள் கேட்பார்கள். கோவில்பட்டிக்காரன் மாரிச்சாமி, கிரேன் ஓட்டுகிறவன், தட்டோடு அடுப்படி வாசலில் வந்து நிற்பான்.

"யக்கா, ஒங்க மருமவன் இன்னைக்கி எத்தன கோலு?"

"கோலு இல்லல, பாயிண்டு. எத்தன மட்டம் சொல்லுதது?"

"இங்கிலீஷ் தாள அப்படியே வாசிக்கியளே, நீங்கல்லாம் ஆபீஸ்ல இருக்க வேண்டிய ஆளுக்கா."

நான் மறுக்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று முப்பது பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. என்ன நட்டம்?

தம்பி

சுடலைமுத்து எனக்குப் பதினாறு வயது இளையவன். அவனை இடுப்பில் தூக்கித்தான் என் இடுப்பே ஒரு பக்கமாகப் போனது. துபாய் அல் கூஸில் இரும்புப் பட்டறை ஒன்றில் பிட்டராக இருந்தான். முப்பத்தொன்பதாவது வயதில், ஒரு மதியம், கூட வேலை செய்தவன் சொன்ன ஏதோ நக்கலுக்குச் சிரித்துக்கொண்டே குழாய் அடுக்கின் மேல் உட்கார்ந்தான். சிரிப்பு நின்றது. கூட இருந்தவர்கள் இன்னும் சிரிக்கிறான் என்றுதான் கொஞ்ச நேரம் நினைத்தார்களாம்.

நெஞ்சுச் சதை தடித்துப் போயிருந்தது, பிறப்பிலேயே வந்தது என்று டாக்டர் சொன்னார். பிள்ளைக்கும் வரலாம், வருசா வருசம் பாருங்கள் என்றார். அப்போது இசக்கிக்கு எட்டு வயது. நான் குவைத்தை முடித்துக்கொண்டு ஷார்ஜாவுக்கு வந்தேன். தம்பி பெண்டாட்டி பொன்னுத்தாய் தையல் கடைக்குப் போனாள். நான் மெஸ்ஸுக்கு வந்தேன். இரண்டு பொம்பளைகள் சேர்ந்து ஒருத்தனை வளர்த்தோம்.

அல் கூஸ் பக்கம் அதற்குப் பிறகு நான் கால் வைத்ததில்லை. இந்த லீக் நடக்கிற அரங்கு எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? அல் கூஸில்தான். ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியில் பலகைத் தரை போட்டு அரங்கு ஆக்கியிருக்கிறார்கள். அவன் அப்பன் விழுந்த பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி. இசக்கிக்கு அது தெரியும். ஆட்டம் ஆட்டம்தான் அத்தை என்பான்.

பொன்னுத்தாய் அந்தத் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "மயினி, அவன் வீட்டுக்கு வந்த பொறவு எங்கிட்ட சொல்லுங்க, போதும்" என்பாள். இந்த சீசனுக்கு முன்னாலும் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். "கிளியர் அத்தை, கலாஸ், முடிஞ்சது" என்று வந்து சொன்னான். பேப்பரைக் காட்டினான். நான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பார்த்து என்ன செய்ய?

சிவப்பு ஸ்டிக்கர்

இப்போது அந்த மூன்று எழுத்துக்கு வருகிறேன்.

குவைத்தில் நான் துடைத்த வார்டு வயசானவர்கள் கிடக்கிற வார்டு. கட்டிலின் கால்மாட்டில் பைல் தொங்கும். சில பைல் மேல் சிவப்பில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். முதலில் ஒரு வயிறு வைத்த எழுத்து. அடுத்தது இரண்டு குச்சிக்கு நடுவில் சாய்ந்த குச்சி. மூன்றாவது, தலை கனத்து ஒரு காலை முன்னால் நீட்டிய எழுத்து. டி, என், ஆர்.

லிஸி சிஸ்டர் என்று கோட்டயத்து நர்ஸ் ஒருத்தி. அவளிடம் கேட்டேன்.

"சேச்சி, அந்த மூணு எழுத்து ஒட்டியாச்சுன்னா, நெஞ்சு நின்னு போனா யாரும் அமுக்கக் கூடாது. கரண்ட் வைக்கக் கூடாது. அப்படியே விட்டுடணும்."

"மனுசன் கெடக்கும்போது அப்படியேவா விட்டுருவீங்க?"

"குடும்பத்துக்காரங்க சம்மதிச்சுத்தான் சேச்சி."

அன்றிலிருந்து அந்த ஸ்டிக்கர் உள்ள கட்டிலின் கம்பியை இரண்டு தடவை துடைப்பேன். ஒரு வார்த்தை பேசிவிட்டு நகர்வேன். பாஷை தெரியாத ஆளாக இருந்தாலும் சரி. திரும்ப வரும்போது பெரும்பாலும் கட்டில் காலியாக இருக்கும், விரிப்பு மாற்றியிருப்பார்கள். எத்தனை வருசம் அந்த எழுத்தைப் பார்த்திருப்பேன். தூக்கத்தில் எழுப்பிக் காட்டினாலும் சொல்வேன்.

அதுதான் அன்றைக்கு இசக்கி பெயருக்கு எதிரே இருந்தது.

எனக்கு அது முறையாகவே பட்டது. பாருங்கள், ஓடினவனுக்கு எண் போடுகிறார்கள். நெஞ்சு நின்றவனுக்கு என்ன போடுவார்கள்? தாளுக்குத் தாள் எழுதுகிறவர்கள், அதற்கும் ஒரு எழுத்து வைத்திருக்க மாட்டார்களா?

பன்னிரண்டு

அவன் போனுக்கு அடித்தேன். அணைந்திருந்தது. ஆட்டம் முடிந்த பிறகும் மற்ற அணிகளைப் பார்க்க உட்கார்ந்திருப்பார்கள், பஸ் ஏறும் வரை போன்கள் கோச்சின் பையில் கிடக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்ததெல்லாம் அந்த நிமிசத்தில் எங்கே போனது?

மாரிச்சாமி தட்டோடு வந்து நின்றான்.

"என்னக்கா கருகுத வாட அடிக்கி? தாள் வந்துட்டா? எத்தன?"

அவனிடம் போனை நீட்டி, இது என்னவென்று பாருப்பா என்று கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். அவன் ஐடிஐ படித்தவன். நாக்கு நுனி வரை வந்தது. இத்தனை நாளாக ஆபீஸ்காரி மாதிரி வாசித்தவள் இப்போது எழுத்துக் கேட்பதா?

"பன்னெண்டு" என்றேன்.

"சபாஷ்!" என்று உள்ளே திரும்பிக் கத்தினான். "ஏ, பன்னெண்டாம்பா!"

உள்ளே யாரோ கை தட்டினார்கள். ரசத்தைப் பார்த்துக்கொள் என்று பாத்திரம் கழுவுகிற நேப்பாளி அம்மாளிடம் சைகை காட்டிவிட்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் இறங்கிவிட்டேன். பொன்னுத்தாய்க்குப் போன் பண்ணவில்லை. அவளுக்கு என்ன சொல்ல? உன் புருசன் போன இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றா?

மேப் பேசும்

டாக்ஸி ஓட்டினவர் ஒரு பட்டாணியர். தாடி முழுவதும் நரை. அல் கூஸ் என்றேன். ஷார்ஜா தாண்டுவதற்குள் சனிக்கிழமை நெரிசல் வண்டியைப் பிடித்துக்கொண்டது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி சொட்டிக்கொண்டே நகர்ந்தது. நான் அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெரியாத ஆள்தானே, இவரிடம் கேட்டால் என்ன என்று போனை முன்னால் நீட்டினேன்.

"பாய், யே க்யா லிகா ஹை?" என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மாஜி, மே பீ அன்பட். மேப் போல்தா ஹை, மே சலாத்தா ஹூம்." அவரும் படிக்காதவராம். மேப் பேசுமாம், அவர் ஓட்டுவாராம்.

"ஜல்தி, பாய். பச்சா ஹை" என்றேன். பிள்ளை என்று சொன்னதும் அவர் சிரிப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் உதடு எதையோ ஓதிக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு பயம் கூடியது.

அல் கூஸ் மாறவே இல்லை. அதே தகரக் கூரை, அதே வெல்டிங் வாடை, கதவு திறந்த கிட்டங்கிகள். எந்தத் திருப்பத்தில் தம்பியின் பட்டறை என்று சொல்லத் தெரியாது. அன்றைக்கு நான் குவைத்திலிருந்து வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. எல்லாத் திருப்பமும் அதுவாகவே தெரிந்தது.

அரங்கு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. பின்கதவு இரண்டும் திறந்து கிடந்தன.

டாக்ஸிக்காரருக்குக் காசு கொடுத்தேனா இல்லையா என்றுகூட நினைவில்லை, கொடுத்திருப்பேன். ஆம்புலன்ஸுக்குள் எட்டிப் பார்த்தேன். நீலச் சட்டை போட்ட இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரில் காகிதம் விரித்து ஷவர்மா தின்றுகொண்டிருந்தார்கள். ஆட்டம் நடக்கும் நாளெல்லாம் அது அங்கே நிற்குமாம். யார் சொன்னார்கள் எனக்கு?

பி

உள்ளே குளிர். ரப்பர் வாடை. பலகைத் தரையில் ஷூ கீச்சிடுகிற சத்தம் காதைத் துளைத்தது. வேறு இரண்டு அணி ஆடிக்கொண்டிருந்தது. படிக்கட்டு மாதிரி பெஞ்சுகளில் மஞ்சள் பனியன் போட்ட கூட்டம் ஒன்று. ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டு ஏறினேன். ஒன்பது. இருபத்திரண்டு. ஐந்து.

பதினாலு. உட்கார்ந்திருந்தான். பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தான்.

பின்னாலிருந்து காதைப் பிடித்தேன்.

"ஆ! யாருடா… அத்தை? நீங்க எப்படி இங்க?"

"நெஞ்சக் காட்டுல."

"என்னது?"

"நெஞ்சக் காட்டுல எய்யா!"

பனியன் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினேன். அடித்தது. வேகமாக அடித்தது. கூட இருந்த பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"அத்தை, ப்ளீஸ், எல்லாரும் பாக்குறாங்க. மாவு ஒட்டின ஏப்ரனோட வந்திருக்கீங்க."

போனைக் காட்டினேன். டி, என், ஆர் என்று விரல் வைத்துச் சொன்னேன். ஆஸ்பத்திரி ஸ்டிக்கரைச் சொன்னேன். முதலில் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினான்.

"அத்தை, இது ஆர் இல்ல. பி. டி, என், பி. டிட் நாட் ப்ளே. இன்னைக்கு விளையாடல, அவ்ளோதான். இங்க பாருங்க, பேப்பர் மடிஞ்சிருக்கு. அந்த மடிப்புக் கோடு பி-க்குக் கீழ கால் மாதிரி விழுந்திருக்கு."

பார்த்தேன். மடிப்புதான். அந்தக் கோடு காகிதத்தின் ஓரம் வரை போயிருந்தது. அடுப்படியில் எனக்கு அந்த ஒரு காலுக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பிள்ளை தண்ணீர் பாட்டில் கொடுத்தான். குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது.

"ஏன் வெளையாடல?"

இசக்கி பாப்கார்ன் டப்பாவின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

"கோச் பனிஷ்மெண்ட் அத்தை. பிராக்டிஸுக்கு லேட்டு."

"என்னயப் பாத்துச் சொல்லு."

பார்க்கவில்லை. டப்பாவையே பார்த்துக்கொண்டு சொன்னான். "வியாழக்கிழமை டாக்டர் போன் பண்ணாரு. பெரிய டாக்டர் அந்தப் படத்தைத் திரும்பப் பாத்தாராம். ஹார்ட்டோட சுவரு ஒரு பக்கம் கொஞ்சம் திக்கா தெரியுதுன்னு சொல்றாரு. இன்னொரு டெஸ்ட் எடுக்குற வரைக்கும் ஓடக் கூடாதாம். கோச்கிட்ட நான்தான் போய்ச் சொன்னேன்."

"வெள்ளிக்கிழம வந்து மீன் தின்னியே. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க பயப்படுவீங்க."

வெள்ளிக்கிழமை அவன் தட்டில் ஒரு துண்டு மீதி இருந்தது நினைவு வந்தது. அவன் மீன் மீதி வைக்கிற பிள்ளை இல்லை. நான் உப்பு கூடிவிட்டதோ என்று நினைத்து வாயில் போட்டுப் பார்த்திருந்தேன்.

கீழே அஜ்மானின் ஏழாம் நம்பர் பந்தைத் தூக்கிப் போட்டான். விழுந்தது. எல்லாரும் கத்தினார்கள். எண்ணாக மட்டும் பார்த்த பிள்ளையை அன்றைக்குத்தான் முகமாகப் பார்த்தேன். இசக்கி எழுந்து கை தட்டினான். அவன் எழுந்த வேகத்தில் பனியனைப் பிடித்து இழுத்தேன்.

"மெதுவா எந்திரில" என்றேன்.

சனிக்கிழமைகள்

பொன்னுத்தாய்க்கு அன்று சாயந்திரமே சொன்னோம். அவள் அழவில்லை. தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைப் பிரித்து மறுபடி தைத்தாள். அடுத்த வாரம் மூன்று பேருமாக டெஸ்டுக்குப் போனோம். தடிப்பு இருக்கிறது என்றார் டாக்டர். அப்பாவுக்கு இருந்ததுதானா என்று இப்போது சொல்ல முடியாது, ஓடி ஓடியும் சிலருக்கு அப்படி ஆகும், மூன்று மாதம் ஓடாமல் இருந்து திரும்பப் பார்த்தால்தான் தெரியும் என்றார். அதுவரை மாத்திரை. அதுவரை படியேறினால்கூட நின்று ஏற வேண்டும்.

இசக்கி கோச்சிடம் ஒன்றுதான் கேட்டானாம். தாளில் இருந்து என் பெயரை எடுக்காதீர்கள், பனியன் போட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று. அவர் சரி என்றார்.

மாரிச்சாமியிடம் நானே போய்ச் சொன்னேன். பன்னிரண்டு என்றது பொய், எனக்கு அந்தத் தாளை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாது என்று. சாம்பாரைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"தெரியுமே யக்கா. ஒருநா மெனு கார்டத் தலகீழாப் புடிச்சிக்கிட்டு எங்களுக்கு வாசிச்சிக் காட்டுனியளே."

"அப்பவே சொல்லித் தொலைக்கதுக்கு என்னல?"

"பாயிண்டு சரியாத்தான சொல்லுதிய. பொறவு என்ன?" என்றான். பிறகு தலையைத் தூக்காமல், "பயலுக்கு ஒண்ணும் ஆவாதுக்கா" என்றான். நான் அவனுக்கு இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

அல் கூஸுக்கு நான் திரும்பப் போகவில்லை. மடிப்பில்லாமல் படம் எடுக்கச் சொல்லி மேனேஜர் பையனிடம் இசக்கி சொல்லியிருக்கிறான். லீக்கில் எங்கள் கல்லூரி இப்போது ஆறாவது இடம். அஜ்மான் முதலிடம். அந்த அண்ணன் தம்பி வரிகள் இன்னும் கனமாகத்தான் இருக்கின்றன. மூன்று மாதம் முடிய இன்னும் எட்டு சனிக்கிழமை.

நேற்றும் தாள் வந்தது. அடுப்பைச் சிம்மில் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். பதினாலு. சீப்பு எழுத்து. விரலை வலது பக்கம் ஓட்டினேன். வயிறு வைத்த எழுத்து. சாய்ந்த குச்சி. மூன்றாவதை இரண்டு விரலால் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். அந்த ஒரே எழுத்து போன் முழுக்க நிறைந்து நின்றது.

கால் இல்லை.

கடுகைப் போட்டேன்.